சூரியன் இலவசம், சரி. மாறுவதற்கான பில் யாருக்கு?

#1 நிலுவை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, எரிசக்தி பற்றிய பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. "சூரிய மின்சாரம்தான் இப்போது மலிவு, இன்னும் என்ன யோசனை?" என்று ஒரு தரப்பு. "இதெல்லாம் பணக்கார நாடுகளின் விளையாட்டு, கஜானா காலியாகிவிடும்" என்று இன்னொரு தரப்பு. இருவரும் கையில் வைத்திருப்பது ஒரே எண்தான்: ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு?

எனக்கு அந்த எண்மீது அவ்வளவு ஆர்வம் இல்லை. எரிவாயு நிலையத்தில் செலவின் பெரும்பகுதி எரிபொருள். ஓட ஓடக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நிலக்கரியிலும் ஏறக்குறைய அப்படித்தான். சூரியனிலும் காற்றிலும் கிட்டத்தட்ட மொத்தப் பணமும் முதல் நாளே போய்விடுகிறது, அப்புறம் முப்பது வருடம் பெரிய செலவில்லை. அப்படியென்றால் கொடுக்கும் காலம் மாறுகிறது, கொடுக்கும் ஆளும் மாறுகிறார். அதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். பருவநிலை மாற்றம் உண்மையா பொய்யா என்ற சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன, தயவுசெய்து இங்கே வேண்டாம்.

#2 வெயிலோன்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது சார்? சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையின் கணக்குப்படி, பெரிய சூரிய மின்நிலையங்களில் ஒரு யூனிட்டின் உலகச் சராசரிச் செலவு 2010இல் 46 சென்ட், 2023இல் 4.4 சென்ட். லித்தியம் பேட்டரி 2010இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது, 2024இல் சராசரி 115 டாலர். உலக அளவில் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் பேனல் விலை சுமார் 20 சதவீதம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நிலக்கரி நிலையங்களை நூறு வருடத்துக்கு மேலாகக் கட்டுகிறார்கள், அப்படி ஏதாவது இறங்கியதா?

மாறாமல் இருப்பதற்குத்தான் செலவு.

#3 பாய்லர்காரன்

வெயிலோன் தம்பி, நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் அது நிலையத்தின் கேட்டில் உள்ள விலை. மின்சாரம் வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில், வேண்டிய அழுத்தத்தில் வருவதற்கான விலை அதில் இல்லை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் நிலக்கரி நிலையத்தில்தான், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

மதியம் சூரிய மின்சாரம் பொங்கி வரும். "லோடைக் குறை" என்று போன் வரும். 500 மெகாவாட் யூனிட்டை (ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த தொகுதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) 275க்கு இறக்குவோம். இறக்கிய உடனே அதன் திறன் கெட்டுவிடும். அதே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முன்பைவிட அதிக நிலக்கரி எரியும். இன்னும் கீழே இறக்கச் சொன்னால் ஃபர்னஸில் சுடர் நிற்காது, ஆயில் பர்னரைத் துணைக்கு ஏற்ற வேண்டும். எண்ணெய் என்ன விலை என்று சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் சூரியன் இறங்கியதும் "ஏற்று, சீக்கிரம் ஏற்று" என்று மறுபடி போன்.

பாய்லர் ட்ரம்மின் (நீராவி சேரும் பெரிய உருளை) சுவர் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் கனம். வேகமாக ஏற்றினால் உள்பக்கம் சூடாகிவிடும், வெளிப்பக்கம் பின்தங்கும், நடுவில் உலோகம் இழுபடும். ஒரு நாள் செய்தால் ஒன்றும் ஆகாது. தினமும் செய்தால் வெல்டுகளில் விரிசல் விடும், ட்யூப் லீக் வரும். ட்யூப் லீக் என்றால் யூனிட்டை நிறுத்து, ஆறவை, சாரம் கட்டி உள்ளே போ, வெட்டி எடுத்து வெல்டிங் வை, எக்ஸ்ரே எடு, திரும்ப ஏற்று. நாள்கணக்கில் உற்பத்தி போச்சு. இந்த வகை நிலையங்கள் ஒரே சீராக ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. அடங்கி ஏறும்படி மாற்றியமைக்கவும் முடியும், ஜெர்மனியில் சில நிலையங்களை 25 சதவீத லோடு வரை இறக்குகிறார்கள். அதுவும் காசுதான்.

கூத்து என்னவென்றால், இந்தச் செலவு முழுவதும் நிலக்கரியின் பெயரில் எழுதப்படுகிறது. அப்புறம் "பாருங்கள், நிலக்கரி மின்சாரம் விலை ஏறிவிட்டது" என்கிறார்கள். ஏற வைத்தது யார்?

#4 வெயிலோன்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சாயங்கால ஏற்றத்தைத்தான் பேட்டரி வாங்கிக்கொள்கிறதே. கலிபோர்னியாவில் 2024 ஏப்ரலில் பேட்டரித் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. சில மாலைகளில் சற்று நேரத்துக்கு அந்த மாநிலத்தின் மிகப்பெரிய மின் ஆதாரமே பேட்டரிதான். உங்கள் ட்ரம்முக்கு ஓய்வு கொடுப்பதற்குத்தானே அது?

#5 பாய்லர்காரன்

நான்கு மணி நேரத்துக்குப் பேட்டரி அருமை, அதில் எனக்குச் சண்டையே இல்லை. குளிர்காலத்தில் பத்து நாள் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? அந்தப் பத்து நாளுக்காக ஒரு நிலையத்தை வருடம் முழுக்கத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு 300 மணி நேரம் ஓடும் நிலையத்தின் பராமரிப்புச் செலவு 7,000 மணி நேரம் ஓடும் நிலையத்தைவிடப் பெரிதாகக் குறைவதில்லை.

#6 நிலுவை

ஐயா சொல்வதன் இன்னொரு முகம் ஜெர்மன் மின்சந்தையில் தெரிகிறது. 2024இல் அங்கே 457 மணி நேரம் மொத்தச் சந்தை விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. மின்சாரத்தை எடுத்துக்கொள்ளக் காசு கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காற்று செத்த சில மாலைகளில் விலை எங்கேயோ போய் நின்றது. சராசரி எடுத்தால் இரண்டும் மறைந்துவிடும். அதனால்தான் யூனிட் விலையை மட்டும் வைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

#7 வட்டிக்கடை

இழையைத் தொடங்கியவர் தொட்டுவிட்டு நகர்ந்த இடத்தில் நான் உட்காருகிறேன். முதல் நாளே மொத்தப் பணம் என்றார் அல்லவா? அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கடன். கடன் என்றால் வட்டி. இந்த மாற்றத்தின் செலவை முடிவுசெய்வது வெயிலைவிட வட்டிதான் என்பது என் கட்சி.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்கள் கையால் எடுத்தவை, ஆனால் நடைமுறைக்குப் பக்கமானவை. பராமரிப்புச் செலவை இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறேன்.

சூரிய மின்நிலையம்: கிலோவாட்டுக்கு முதலீடு 800 டாலர். வருடத்துக்கு 1,600 யூனிட் தரும். 25 ஆண்டுகளில் அசலும் வட்டியும் சமமான தவணைகளாகத் திருப்ப வேண்டும். 4 சதவீத வட்டியில் வருடத் தவணை 51 டாலர், அதாவது யூனிட்டுக்கு 3.2 சென்ட். 12 சதவீத வட்டியில் வருடத் தவணை 102 டாலர், யூனிட்டுக்கு 6.4 சென்ட்.

எரிவாயு நிலையம்: கிலோவாட்டுக்கு 900 டாலர், வருடத்துக்கு 7,000 மணி நேரம் ஓடுகிறது. எரிவாயுச் செலவு யூனிட்டுக்கு 3.9 சென்ட் என்று வையுங்கள். 4 சதவீத வட்டியில் முதலீட்டுப் பங்கு 0.8 சென்ட், மொத்தம் 4.7. 12 சதவீதத்தில் முதலீட்டுப் பங்கு 1.6, மொத்தம் 5.5.

பார்த்தீர்களா? அதே பேனல், அதே வெயில், அதே எரிவாயு. 4 சதவீத நாட்டில் சூரியன் தெளிவாக ஜெயிக்கிறது. 12 சதவீத நாட்டில் எரிவாயு ஜெயிக்கிறது. தொழில்நுட்பத்தில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

வளரும் நாடுகளில் இத்தகைய திட்டங்களுக்கு மூலதனம் கிடைக்கும் விலை பணக்கார நாடுகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று சர்வதேச எரிசக்தி முகமை பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. உலக மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது, உலகத் தூய எரிசக்தி முதலீட்டில் அந்தக் கண்டத்துக்குப் போவது சுமார் 2 சதவீதம். வெயில் கொட்டுகிற இடத்துக்குக் கடன் போகவில்லை. "ஏழை நாடுகள் ஏன் தயங்குகின்றன?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தக் கணக்கு மட்டுமே.

#8 அந்திமழை

வட்டிக்கடை சார், இதை நான் எடுத்து வேறு குழுவில் போடலாமா? இவ்வளவு நாள் "பேனல் விலை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று திணறிக்கொண்டிருந்தேன்.

#9 வட்டிக்கடை

தாராளமாக. ஆனால் உதாரணக் கணக்கு என்பதைச் சேர்த்தே போடுங்கள். எரிவாயு விலையை இரண்டு மடங்காக்கினால் முடிவு தலைகீழாகும். 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவில் மொத்தச் சந்தை எரிவாயு ஒரு மெகாவாட்-மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. அந்த விலையில் என் எரிவாயு நிலையம் கடையை மூடிவிட வேண்டியதுதான்.

#10 காற்றுவாக்கு

பழைய எரிபொருளுக்குக் கொடுக்கும் மானியத்தை யாருமே பேசவில்லையே? சர்வதேச நாணய நிதியம் 2022ஆம் ஆண்டுக்கு மட்டும் 7 லட்சம் கோடி டாலர் என்றது. அந்தப் பணத்தில் உலகத்தையே மாற்றியமைக்கலாம்.

#11 நிலுவை

நண்பரே, அந்த 7 லட்சம் கோடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசுகள் உண்மையில் எரிபொருளைச் செலவுக்குக் குறைவாக விற்றதால் வந்த நேரடி மானியம் அதில் 1.3 லட்சம் கோடி. மீதி, புகையால் வரும் நோய், பருவநிலைச் சேதம், போக்குவரத்து நெரிசல், வாங்காமல் விட்ட வரி ஆகியவற்றுக்கு அவர்கள் போட்ட மதிப்பு. அந்த மதிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை, நிலக்கரிப் புகையால் இருமுபவருக்கு அது நிஜமான செலவு. ஆனால் எந்த அரசின் கஜானாவிலும் அந்தப் பணம் பெட்டியில் இல்லை, எடுத்துப் பேனல் வாங்க முடியாது.

நேரடி 1.3 லட்சம் கோடியே பிரம்மாண்டமான தொகைதான். அதை நிறுத்துவதும் சும்மா இல்லை. எரிபொருள் மானியத்தை ஒரே இரவில் எடுத்த அரசுகள் தெருவில் மக்களைச் சந்தித்திருக்கின்றன. நைஜீரியாவில் 2012 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை எடுத்தார்கள், நாடு தழுவிய வேலைநிறுத்தம் வந்து சில வாரங்களுக்குள் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

#12 கம்பிவடம்

எல்லோரும் உற்பத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மின்கடத்தல் துறை, அதனால் என் பாட்டு எப்போதும் ஒன்றுதான்: கம்பி எங்கே?

உலகம் முழுக்க மின்கட்டமைப்பில் வருடத்துக்குச் செலவாவது சுமார் 40,000 கோடி டாலர். உற்பத்தி நிலையங்களில் அதைப்போல இரண்டரை மடங்கு போடுகிறார்கள். விளைவு, காத்திருப்பு வரிசை. 2023இல் சர்வதேச எரிசக்தி முகமை கணக்கெடுத்தபோது, இணைப்புக்காகக் காத்திருந்த புதுப்பிக்கத்தக்க திட்டங்கள் குறைந்தது 3,000 கிகாவாட். நாடுகள் தங்கள் இலக்கை எட்ட வேண்டுமானால் 2040க்குள் 8 கோடி கிலோமீட்டர் மின்தடத்தைப் புதிதாக இழுக்கவோ மாற்றவோ வேண்டும் என்றும் சொன்னார்கள். இன்று உலகில் உள்ள மொத்தத் தடமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

சூரிய மின்நிலையம் ஒன்றிரண்டு வருடத்தில் எழுந்துவிடும். உயரழுத்தத் தடம் இழுக்க, நிலம், அனுமதி, வழக்கு எல்லாம் சேர்த்துப் பத்து வருடம்கூட ஆகும். பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்கு இன்று ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர மூன்று நான்கு வருடம் என்கிறார்கள். காசு இருந்தாலும் பொருள் இல்லை.

டெக்ஸஸ் இதைச் சரியான வரிசையில் செய்த இடம். காற்று மேற்கே, மக்கள் கிழக்கே. நிலையங்கள் வரட்டும், அப்புறம் கம்பி இழுக்கலாம் என்று உட்காராமல், சுமார் 700 கோடி டாலரில் முதலில் தடத்தைப் போட்டார்கள். 2014க்குள் முடிந்தது. செலவு அந்த மாநில மின் நுகர்வோர் எல்லோருக்கும் பகிரப்பட்டது. அன்று கத்தியவர்கள் உண்டு. பிறகு காற்றாலை வந்து குவிந்தது.

எதிர்ப்பக்கம் ஜெர்மனி. காற்று வடக்கே, ஆலைகள் தெற்கே, நடுவில் போதிய தடம் இல்லை. வடக்கே காற்றாலையை நிறுத்தச் சொல்லி அதற்கும் இழப்பீடு, தெற்கே எரிவாயு நிலையத்தை ஓட்டச் சொல்லி அதற்கும் காசு. இந்த ஏற்ற இறக்க வேலைக்கு 2022இல் மட்டும் 400 கோடி யூரோவுக்கு மேல் போனது. கம்பி இல்லாததற்குக் கட்டிய தண்டம் அது.

#13 பாய்லர்காரன்

கம்பிவடம் சார், கம்பியோடு சேர்த்து சுழலும் எடையையும் சொல்லுங்கள். எங்கள் டர்பைன் நூற்றுக்கணக்கான டன் இரும்பு, நிமிடத்துக்கு 3,000 சுற்று. எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றுபோனால் எங்கள் டர்பைன் சுழலும் வேகமே கட்டமைப்பைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். இதுவரை யாரும் அதற்குத் தனியாகக் காசு கொடுத்ததில்லை, மின்சாரத்தோடு இனாமாக வந்தது.

#14 கம்பிவடம்

உண்மை ஐயா. இனாம் நின்றுபோனால் வாங்கத்தான் வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2021இல் நான்கு சின்க்ரனஸ் கன்டென்சர்களைப் போட்டார்கள். மின்சாரம் தயாரிக்காது, சும்மா சுழன்றுகொண்டு அழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பிடித்து வைக்கும். அதற்குப் பிறகு, கட்டமைப்பு ஆடாமல் இருப்பதற்காக மட்டுமே ஓட வைத்திருந்த எரிவாயு யூனிட்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது. செலவும் உண்டு, மிச்சமும் உண்டு. தாமதமாகப் போட்டால் செலவு மட்டும்தான்.

#15 அந்திமழை

ஒரு சந்தேகம். கடைசியில் இதெல்லாம் வீட்டு பில்லில்தானே வந்து நிற்கும்? பணக்காரர் கூரையில் பேனல் போட்டுத் தப்பித்துக்கொள்வார். மாடியே இல்லாதவர் என்ன செய்வார்?

#16 நிலுவை

இந்தக் கேள்விக்காகத்தான் இழையே ஆரம்பித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாகிஸ்தானைப் பாருங்கள். 1990களிலிருந்து தனியார் மின்நிலையங்களோடு போட்ட ஒப்பந்தங்களில் ஒரு விதி: மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நிலையம் தயாராக இருப்பதற்கே கட்டணம். அதில் கணிசமான பகுதி டாலரோடு கட்டப்பட்டது. பின்னால் வந்த நிலக்கரி, எரிவாயு நிலையங்களும் இதே பாதைதான். ரூபாய் சரிந்தது, கட்டணம் வீங்கியது, மின் விலை ஏறியது. அதே சமயம் பேனல் விலை தரைக்கு இறங்கியது. மக்கள் அரசாணைக்காகக் காத்திருக்கவில்லை. 2024இல் மட்டும் சுமார் 17 கிகாவாட் பேனல் அந்த நாட்டில் இறங்கியது. வீடு, ஆலை, விவசாயப் பம்பு என்று எல்லாக் கூரையிலும் ஏறியது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெயிலோனின் வெற்றிக் கதை. உள்ளே பாருங்கள். நிலையங்களுக்குக் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் ஒரு பைசா குறையவில்லை. கட்டமைப்பிலிருந்து வாங்குபவர்கள் குறைந்தார்கள். அதே சுமை, குறைந்த தோள்கள். எனவே மீதமிருப்பவர்களுக்கு விலை ஏறும். ஏறினால் இன்னும் சிலர் பேனல் வாங்கி விலகுவார்கள். கடைசியில் சுமக்க நிற்பவர் யார்? அந்திமழை கேட்ட அந்த மாடியில்லாதவர். 2025இல் கூரை மின்சாரத்தை வாங்கும் விலையைக் குறைக்க அரசு முயன்றபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. கத்தாரிலிருந்து வர வேண்டிய எரிவாயுக் கப்பல்களையும் தள்ளிப்போடச் சொல்ல வேண்டி வந்தது. ஒப்பந்தம் போட்ட எரிவாயுவுக்கு எரிக்க இடமில்லை.

ஜெர்மனி வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 2000இல் சட்டம் போட்டு, கூரை மின்சாரத்துக்கு 20 ஆண்டுகளுக்கு உறுதியான விலை கொடுத்தார்கள். 2004 வாக்கில் சிறு கூரைகளுக்கு யூனிட்டுக்கு ஐம்பது யூரோ சென்டுக்கும் மேல். வித்தியாசத்தை எல்லா நுகர்வோரின் பில்லிலும் கூடுதல் கட்டணமாக ஏற்றினார்கள். அது 2017இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் என்ற உச்சத்துக்குப் போனது. மின்சாரத்தை அதிகம் தின்னும் ஆலைகளுக்குப் பெரும் விலக்கு. ஆக, கூரை வைத்திருந்தவருக்கு வருமானம், பெரிய ஆலைக்கு விலக்கு, வாடகை வீட்டில் இருந்தவருக்கு பில். 2022 ஜூலையில்தான் அந்தக் கட்டணத்தை பில்லிலிருந்து எடுத்து அரசு பட்ஜெட்டுக்கு மாற்றினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த விலையுயர்ந்த ஆண்டுகளில் ஜெர்மன் நுகர்வோர் கொடுத்த காசுதான் பேனல் தொழிலை வளர்த்து, விலையை உலகத்துக்கே இறக்கியது. இன்று 4 சென்டுக்கு வாங்கும் நாடுகள் யாரோ ஒரு வாடகைக் குடித்தனக்காரர் கட்டிய பில்லின் பலனை அனுபவிக்கின்றன. அவருக்கு யாரும் நன்றிக் கடிதம் அனுப்பியதாகத் தெரியவில்லை.

#17 வெயிலோன்

அப்படியானால் தப்பு பேனலில் இல்லை, டாலர் ஒப்பந்தத்தில்தானே?

#18 நிலுவை

பேனலைக் குற்றவாளி என்று நான் எங்கே சொன்னேன்? பழைய கடன் முடிவதற்குள் புதியது வந்துவிட்டது. மாற்றம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு பழைய கடன் நடுவில் மாட்டிக்கொள்ளும். நாற்பது வருடம் ஓடும் என்று நம்பிக் கடன் கொடுத்த நிலையத்தைப் பதினைந்தாவது வருடத்தில் மூடினால், மீதிக் கடனை நிறுவனம், வங்கி, நுகர்வோர், வரி கட்டுபவர் ஆகிய நால்வரில் ஒருவர் விழுங்க வேண்டும். ஜெர்மனியில் பழுப்பு நிலக்கரி நிலையங்களை மூடுவதற்கு ஆர்.டபிள்யூ.இ. நிறுவனத்துக்கு 260 கோடி யூரோ, லேயாக் (LEAG) நிறுவனத்துக்கு 175 கோடி யூரோ வரை என்று முடிவானது. அங்கே வரி கட்டுபவர் விழுங்கினார்.

#19 கரிசல்

நிறுவனத்துக்கு இழப்பீடு சரி. சுரங்கத்தில் இறங்குகிறவருக்கு?

இங்கே யாரும் தொழிலாளியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை என்பதால் கேட்கிறேன். உலகில் புதுப்பிக்கத்தக்க துறையில் 2023இல் 1.62 கோடி வேலைகள் என்று கணக்கு சொல்கிறார்கள். எண்ணிக்கை பிரமாதம். ஆனால் அந்த வேலை கிடைப்பவரும் இந்த வேலை போனவரும் ஒரே ஆள் அல்ல, ஒரே ஊர் அல்ல, பெரும்பாலும் ஒரே நாடுகூட இல்லை. பேனல் பொருத்துவது ஒரு சில மாத வேலை, அப்புறம் காவலுக்கும் கழுவுவதற்கும் நாலு பேர். நிலக்கரி நிலையம் மூன்று ஷிப்டில் ஆயிரம் பேருக்குச் சோறு போட்டது, டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை அதை நம்பி நின்றது.

மூடுவதில் நல்ல விதமும் உண்டு, கெட்ட விதமும் உண்டு. ஜெர்மனியின் கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் ப்ராஸ்பர்-ஹானியல் 2018 டிசம்பரில் மூடியது. அந்தத் தேதியை 2007லேயே பேசி முடித்துவிட்டார்கள். பதினோரு வருடத்தில் முன்கூட்டிய ஓய்வு, மாற்றுப் பயிற்சி என்று ஆட்களை மெல்ல இறக்கினார்கள். செலவு ஏராளம். பிரிட்டனில் 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அடுத்தடுத்து மூடினார்கள். அரசுக்கு அப்போது மிச்சம்தான். அந்த ஊர்களில் பல இன்னமும் எழுந்திருக்கவில்லை, அந்தச் செலவு உதவித்தொகையாகவும் நோயாகவும் தலைமுறை தாண்டி வந்துகொண்டே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி நிலக்கரி மின்நிலையத்தை 2022 அக்டோபரில் நிறுத்தினார்கள். மாற்றியமைக்க உலக வங்கி 49.7 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் புகைபோக்கி நின்ற வேகத்தில் மாற்று வேலைகள் வரவில்லை என்ற புகார் அங்கே பலமாக எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பணக்கார நாடுகள் அந்த நாட்டுக்கு 850 கோடி டாலர் அறிவித்திருந்தன. அதில் பெரும்பகுதி கடன். நன்கொடை மிகச் சிறிய பங்கு. வட்டிக்கடை சார் போட்ட கணக்கை மறுபடி படியுங்கள்.

#20 பாய்லர்காரன்

கரிசல் அம்மா, நீங்கள் எழுதியது நெஞ்சில் தைத்தது. எங்கள் நிலையத்தில் ஒரு பழைய யூனிட்டை மூடியபோது நிரந்தரப் பணியாளர்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். சாம்பல் அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மூடல் செலவுக் கணக்கில் அவர்கள் பூஜ்யம்.

#21 காற்றுவாக்கு

வரி வருமானம்? பெட்ரோல், டீசல் வரியில் ஓடும் அரசுகள் என்ன செய்யும்?

#22 வட்டிக்கடை

ஏற்கெனவே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின்வாகனங்களுக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் சாலைக் கட்டணம் போட்டது. நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்கார். விலையுயர்ந்த மின்கார்களுக்குக் கொடுத்த வரிவிலக்கை 2023லேயே சுருக்க ஆரம்பித்துவிட்டார்கள். மின்வாகனம் வாங்கினால் ஓட்டும் செலவு மிச்சம் என்று சொல்லும்போது, அந்த மிச்சத்தில் ஒரு பகுதி அரசுக்குக் கட்டாமல் விட்ட வரி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது என்றாவது வேறு பெயரில் வந்து கதவைத் தட்டும்.

எண்ணெய் விற்கும் நாடுகளின் கதை இன்னும் கடுமை. இராக் அரசின் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது. அவர்களுக்கு இது வரி மாற்றம் மட்டுமில்லை, சம்பளப் பட்டியலே அதில்தான் தொங்குகிறது.

#23 தராசு

தாமதமாக வருகிறேன். இறக்குமதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சூரியத் தகடு தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். அரபு எண்ணெயை நம்பியிருந்தவர்கள் இனி சீனப் பேனலை நம்பி இருக்கப்போகிறோம். எஜமானர் மாறினாரே தவிர அடிமைத்தனம் மாறவில்லை.

#24 கம்பிவடம்

தராசு, வித்தியாசம் இருக்கிறது. எண்ணெய்க் கப்பல் நின்றால் சில வாரத்தில் வண்டி நிற்கும். பேனல் கப்பல் நின்றால் புதிதாகப் போட முடியாது, போட்டது பாட்டுக்கு 25 வருடம் ஓடும். 2022இல் ஐரோப்பா ஒரே வருடத்தில் எரிவாயுவுக்குக் கூடுதலாகக் கொட்டிய பணம் திரும்பி வரவே வராது, எரிந்து போய்விட்டது. ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. இன்வெர்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் எல்லாம் ஒன்றிரண்டு நாடுகளில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் தினசரி மூச்சுக்கு அடுத்தவரை நம்புவதும், முப்பது வருடத்துக்கு ஒருமுறை சாமான் வாங்க நம்புவதும் ஒன்றாகாது.

#25 அந்திமழை

சரி, மாடியில்லாதவர் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். பில்லை எப்படிப் போட்டால் அவர் தலையில் விழாது? "யூனிட் விலையைக் குறைத்து, எல்லோருக்கும் ஒரே நிலையான மாதக் கட்டணம் வாங்கு" என்கிறார்கள் சிலர். அது நியாயமா?

#26 நிலுவை

எல்லோருக்கும் ஒரே தொகை என்றால் ஒரு பல்பு எரிப்பவரும் மூன்று ஏசி ஓட்டுபவரும் கம்பிக்குச் சமமாகக் கொடுக்கிறார்கள். அது மோசம். யூனிட்டுக்கு மட்டும் விலை என்றால் பேனல் வைத்தவர் கம்பியை இனாமாக வைத்துக்கொண்டு, வெயில் இல்லாத மாலையில் மட்டும் வந்து நிற்பார். அதுவும் மோசம்.

எனக்கு நடுவில் தெரியும் வழி, ஒருவர் உச்சநேரத்தில் ஒரே சமயம் எத்தனை கிலோவாட் இழுக்கிறார் என்பதை வைத்துக் கம்பிக் கட்டணம் போடுவது. தடமும் டிரான்ஸ்ஃபார்மரும் அந்த உச்சத்துக்காகத்தான் கட்டப்படுகின்றன, மாத யூனிட்டுக்காக இல்லை. ஆலைகளுக்குப் பல நாடுகளில் நீண்ட காலமாக இந்த முறைதான். வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் இல்லாமல் செய்ய முடியாது, மீட்டருக்கும் செலவு உண்டு. பழைய ஒப்பந்தங்களின் நிலைக்கட்டணத்தையும் நிலக்கரியை நம்பிய ஊர்களுக்கான இழப்பீட்டையும் பில்லில் ஏற்றாமல் பொது பட்ஜெட்டுக்குக் கொண்டுபோவதே மேல் என்பேன். வருமான வரி, சம்பாத்தியத்தைப் பார்த்தாவது வாங்குகிறது. மின்சார பில் அதைப் பார்ப்பதில்லை.

#27 வட்டிக்கடை

பட்ஜெட்டுக்குக் கொண்டுபோகலாம், பட்ஜெட்டில் இடம் இருக்கிற நாட்டில். ஏற்கெனவே வருமானத்தில் பாதி கடன் வட்டிக்குப் போகும் அரசு இதையும் எடுத்துக்கொண்டால், அந்த அரசு வாங்கும் வட்டி விகிதமே ஏறும். அப்புறம் என் 12 சதவீதம் 14 ஆகும்.

#28 நிலுவை

அதனால்தான் அங்கே முதலில் பேச வேண்டியது பழைய நிலையங்களின் கடனை நீட்டி எழுதுவது பற்றி என்று நினைக்கிறேன். பாகிஸ்தானும் 2024 கடைசியில் சில தனியார் நிலையங்களோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும், சிலவற்றை மாற்றி எழுதவும் தொடங்கியது. முதலீட்டாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஓடாத நிலையத்துக்கு டாலரில் வாடகை கொடுத்துக்கொண்டே புதியதற்கும் கடன் வாங்க எந்த நாட்டாலும் முடியாது. கடனைத் திருத்தும்போது வட்டி ஏறாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் சார், அது உங்கள் பேட்டை.

#29 வட்டிக்கடை

சொல்கிறேன், ஆனால் அதற்கு உத்தரவாத நிதி, நாணய இடர்க் காப்பு எல்லாம் விளக்க வேண்டும், இங்கே அடங்காது. தனி இழை தொடங்கிவிட்டு இணைப்பு தருகிறேன். பாய்லர்காரன் ஐயா, நீங்களும் வாருங்கள். நிலையத்தை மூடாமல் இருப்புக்கு வைத்தால் வருடத்துக்கு உண்மையில் என்ன செலவாகும் என்ற கணக்கு உங்களிடம்தான் இருக்கும்.